ஆட்டக்காரரும் கெண்டைக்கால் நோவும்

உடம்பின் உறுப்புக்களுள் புகழப்படுவன சில, உழைப்பன பல. கண்ணின் ஒளியையும் கையின் கொடையையும் முகத்தின் பொலிவையும் பாடுதற்குப் புலவர் உளர். நம்மை நாள்தோறும் நிலத்தினின்று தூக்கி முன்னே செலுத்தும் கெண்டைக்காலையோ நினைப்பவர் அரியர். அது நலமாயிருக்குங்காறும் அப்படி ஓர் உறுப்பு உண்டென்பதையே மறந்து திரிகின்றோம். நோகத் தொடங்கிய அன்றுதான் அதன் பெயர் நம் நாவில் வருகின்றது.

விளையாட்டு விழாவுக்கு முந்திய மாதத்தில், மாலை ஐந்து மணிக்கு நம் கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் சிறிது நேரம் நின்று நோக்குவார், நொண்டி நடக்கும் மாணாக்கர் இருவரையேனும் காண்பர். "யாது நேர்ந்தது?" என வினவின், "கெண்டைக்கால் வலி" என்பதே விடை. அது கேட்ட நண்பர் ஆளுக்கொரு மருந்து கூறுவர். ஒருவர் தைலம் தேய்க்கச் சொல்வர். ஒருவர் பனிக்கட்டி வைக்கச் சொல்வர். ஒருவர் உப்பு நீர் பருகச் சொல்வர். மற்றொருவர், "இன்னும் இரண்டு சுற்று ஓடு, தானே சரியாய்ப் போம்" என்பர். நால்வரும் அன்பினாலேயே கூறுகின்றனர். நால்வர் கூற்றும் ஒவ்வொரு வேளையில் பொருந்தவும் கூடும். ஆயினும் எவ்வேளைக்கு எது பொருந்தும் என்பதை ஆராய்ந்தவர் அவருள் எவரும் இலர்.

இக்கட்டுரையில் யான் சொல்லப் புகுந்தது ஒன்றே. கெண்டைக்கால் வலி என்பது ஒரு நோயின் பெயரன்று. நோகும் இடத்தின் பெயர். கதவு தட்டப்படும் ஓசை கேட்டவுடன், தட்டுபவர் நண்பரா, தபாற்காரரா, திருடரா என்று அறியாமல் எவரும் தாழ் திறவார். கெண்டைக்கால் வலியும் அத்தகைய ஓர் ஓசையே. தட்டுவது யாரென்று அறிந்த பின்னரே மருந்தைப்பற்றி எண்ணுதல் வேண்டும். யான் மருத்துவன் அல்லேன். இக்கல்லூரியில் ஐந்தாம் ஆண்டு பயிலுபவன். இம்மைதானத்தில் ஓடியும் ஹாக்கி ஆடியும் வருபவன். என் காலில் ஒருமுறையும், என் அறைத்தோழனது காலில் ஒருமுறையும் இவ்வோசை கேட்டது. இரண்டும் ஒன்றுபோல் தோன்றின. ஆனால் ஒன்று ஆறு வாரத்தில் ஆறியது, மற்றொன்று உயிரைக் கேட்க வந்தது. அவ்விரண்டையும், அவற்றின் பின்னர்ப் படித்தும் மருத்துவரை உசாவியும் அறிந்தவற்றையும் இங்கே தொகுத்துக் கூறுவேன்.

முதலில் உறுப்பின் அமைப்பைச் சிறிது காண்போம். முழங்காலுக்குக் கீழே பின்புறத்தில், மீனின் வயிறுபோற் புடைத்துத் தோன்றும் மேற்றசை இரண்டு தலைகளை உடையது. அவை தொடையெலும்பின் கீழ்முனையில் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாகப் பற்றியுள்ளன. ஆதலின் இத்தசை முழங்கால், கணுக்கால் என்னும் இரண்டு மூட்டுக்களையும் கடந்து செல்கின்றது. விரைந்து பாய்தற்கும் குதித்தற்கும் சிறப்பாக உரியது இதுவே. இதன் அடியில் அகன்று தட்டையாய்க் கிடக்கும் உட்டசை, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புகளிலேயே தோன்றுவதால் கணுக்கால் ஒன்றனையே அசைப்பது. நெடுநேரம் நிற்றற்கும் நெடுந்தூரம் ஓடுதற்கும் சலியாது உழைப்பது. மேற்றசையைக் குதிரை எனின் உட்டசையை எருது எனலாம். இரண்டும் கீழிறங்கி ஒன்றுகூடித் திரண்ட நாணாகிக் குதிகாலெலும்பிற் பொருந்துகின்றன. நம் உடம்பிலுள்ள தசைநாண்களுள் மிகப் பருத்தது இக்குதிநாணே. கிரேக்க வீரன் அக்கிலீஸின் பெயரால் மேலைநாட்டார் இதனை வழங்குவர்.

ஓடும்போது இந்நாண் தாங்கும் இழுவிசை, உடலின் எடையைப்போல் ஆறு மடங்கிற்கும் மேற்படும். ஓர் அடிக்கு ஒரு மீட்டர் என்று கொண்டாலும், 5 கிலோமீட்டர் ஓடுபவன் 5,000 அடிகள் வைக்கின்றான். காலொன்றுக்கு 2,500 முறை அச்சுமை ஏறி இறங்குகின்றது. அன்றியும், கெண்டைக்காலுக்கு மற்றொரு தொழிலும் உண்டு. இதயத்தினின்று காலுக்கு இறங்கிய இரத்தம் மீண்டும் மேலேறவேண்டுமன்றோ? தசை சுருங்குந்தோறும், உள்ளே ஓடும் ஆழ்ந்த சிரைகளை அமுக்கி இரத்தத்தை மேலே தள்ளுகின்றது. சிரைகளினுள் அமைந்த சிறு கதவங்கள் அது கீழே வழியாதபடி தடுக்கின்றன. இதனாலேயே கெண்டைக்காலை இரண்டாம் இதயம் என்பாரும் உளர். இச்செய்தியை வாசிப்பவர் நினைவில் இருத்துவாராக, பின்னர் வேண்டப்படும்.

இனி, தட்டுவது யாரென்று அறிதற்கு நான்கு வினாக்கள் உள. வலி எப்பொழுது தொடங்கிற்று? எவ்வாறு தொடங்கிற்று? எவ்விடத்தில் உள்ளது? வலியோடு வேறு யாது உள்ளது? இவற்றை எனக்குக் கற்பித்தவர் ஒரு செவிலியர். கற்பித்த சூழ்நிலையை உரிய இடத்திற் கூறுவேன். இவ்வினாக்களைக் கையிற் கொண்டு, ஆட்டக்காரரிடம் பெரும்பாலும் காணப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, குரக்குவலி. "நரம்பு இழுத்துக்கொண்டது" என்று பேச்சுவழக்கில் கூறுவது இதுவே. ஆட்டத்தின் இறுதியிலோ, நள்ளிரவில் உறக்கத்திலோ, தசை தானே சுருண்டு கல்லாய் இறுகும். சில நிமிடங்களில் விட்டுவிடும். வியர்வையோடு உப்பு கழிந்துபோவதே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதினர். 1997 முதலாகப் பிறிதொரு கொள்கை வலுப்பெற்றுள்ளது. களைத்துப்போன தசைக்குச் செல்லும் நரம்புக் கட்டளைகள் நிலைகுலைந்து, சுருங்குக என்னும் ஏவல் மிக்கு, தளர்க என்னும் ஏவல் குறைவதே காரணம் என்பர். அமெரிக்காவில் 2010இல் வெளியான ஒரு சோதனையில், மின்னோட்டத்தால் வரவழைத்த குரக்குவலி, தண்ணீர் பருகியபோது இருந்ததினும் வெள்ளரிக்காய் ஊறிய காடிநீரைச் சிறிது பருகியபோது விரைவில் தணிந்தது. அவ்வளவு குறுகிய காலத்தில் உப்பு இரத்தத்திற் கலந்திருக்க இயலாது. ஆகவே காடியின் சுவை தொண்டையிலுள்ள நரம்புகளைத் தூண்டியே பயன் விளைத்தது என்று அச்சோதனையாளர் கருதினர். வெயிலில் நெடுநேரம் ஆடுவார்க்கு நீரும் உப்பும் வேண்டா என்பது இதன் பொருளன்று. குரக்குவலி வந்த உடனே செய்யத்தக்கது எளிது: முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியை முகத்தை நோக்கி மெல்ல இழுத்து அரை நிமிடம் பிடித்திருத்தல். திடீரென்று வலிந்து இழுத்தல் ஆகாது.

இரண்டாவது, மறுநாள் நோவு. விடுமுறை கழிந்து வந்த முதல் நாளில் மிகுதியாய் ஓடியவன், மறுநாட் காலையில் விடுதிப் படிகளில் இறங்கும்போது கைப்பிடியைத் தேடுவான். வலி இரு கால்களிலும் ஒத்திருக்கும். ஒரு நாள் கழித்து வலுக்கும். இரண்டு மூன்று நாளில் உச்சமடைந்து பின் குறையும். தசையிற் சேர்ந்த இலாக்டிக் அமிலமே இதற்குக் காரணம் என்று இன்றும் பலர் கூறுகின்றனர். அது பொருந்தாது, ஓட்டம் நின்ற ஒரு மணி நேர அளவில் அப்பொருள் இரத்தத்தில் இயல்பு நிலைக்கு இறங்கிவிடுகின்றது. பழகாத உழைப்பால் தசையினுள் உண்டாகும் நுண்ணிய சிதைவும் அதனைச் செப்பனிடும் வேலையுமே இந்நோவாகும். 1902ஆம் ஆண்டிலேயே தியோடர் ஹஃப் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர், தசையினுள் ஏற்படும் கிழிவே காரணமாதல் கூடும் என்று எழுதினார். இதற்கு மருந்து வேண்டுவதில்லை. மெல்ல நடத்தலும், நல்லுறக்கமும், அடுத்த வாரம் அளவறிந்து பயிலுதலுமே போதும்.

மூன்றாவது, தசைக் கிழிவு. இதனை யான் என் காலிலேயே அறிந்தேன். மூன்றாம் ஆண்டின் மழைக்காலத்திற்குப் பின் ஒருநாள், ஹாக்கிப் பயிற்சியில் பந்தைத் தொடர்ந்து பாய்ந்தபோது, பின்னாலிருந்து எவனோ மட்டையால் என் இடது கெண்டைக்காலில் ஓங்கி அடித்தாற்போன்று இருந்தது. சினந்து திரும்பினேன். பத்தடித் தொலைவுக்குள் எவரும் இலர். பந்தும் மறுபுறம் போய்விட்டது. அடுத்த அடி வைக்க முயன்றேன், கால் ஏற்கவில்லை. மேற்றசையின் உட்புறத் தலை, நாணோடு சேரும் இடத்திற் கிழிந்ததாகப் பின்னர் மருத்துவர் கூறினார். பின்னாலிருந்து அடிபட்டதுபோன்ற உணர்வு இந்நோயின் அடையாளங்களுள் ஒன்று. 1883ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பவல் என்பார் இதனைப் புல்தரை டென்னிஸ் ஆடுவோர் கால் என்னும் பெயரால் எழுதினார். டென்னிஸ் கால் என்னும் பெயர் இன்றளவும் நிற்கின்றது. உள்ளே ஓடும் மெல்லிய சிறுதசை ஒன்று அறுவதே காரணம் என்று நெடுநாள் நம்பினர். பின்னாளில் ஒலியலைப் படமும் காந்தப் படமும் வந்தபின், பெரும்பாலும் மேற்றசையின் உட்புறத் தலையே கிழிகின்றது என்பது தெளிவாயிற்று.

உட்டசையும் கிழிவதுண்டு. ஆனால் அது எருதன்றோ? அடிபட்டாற்போல் அலறாது. நெடுந்தூரம் ஓடுவோர்க்குச் சில நாட்களாக இறுக்கம்போலத் தோன்றி, மெல்ல வலியாக முற்றும். இரண்டையும் பிரித்தறியும் வழி ஒன்றுண்டு. முழங்காலை நீட்டி நின்று குதிகாலை உயர்த்தும்போது வலி மிகுமாயின் மேற்றசையையும், முழங்காலை மடக்கி உயர்த்தும்போது மிகுமாயின் உட்டசையையும் ஐயுறலாம். கிழிவின் அளவை மருத்துவர் மூன்று படியாக வகுப்பர். சில இழைகளே கிழிந்த முதற்படி ஒன்று முதல் மூன்று வாரத்திலும், இரண்டாம் படி ஒன்று இரண்டு மாதத்திலும் பெரும்பாலும் ஆறும்; தசை முற்றும் அறுந்த மூன்றாம் படிக்கு மூன்று நான்கு மாதமும் ஆகலாம்.

நான்காவது, குதிநாணின் கேடு. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடிகளில் குதிகாலுக்கு மேலே விறைப்பும் நோவும் தோன்றி, நடக்க நடக்கக் குறைவது நாண் நலிந்தமைக்கு அடையாளம். இதற்கு ஓய்வு மட்டும் போதாது என்பதை ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃபிரட்ஸன் முதலியோர் 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டிற்று. படியின் விளிம்பில் முன்காலால் நின்று குதிகாலை மெல்லக் கீழிறக்கும் பயிற்சியை, முழங்கால் நீட்டியும் மடக்கியும், நாளொன்றுக்கு 180 முறை வீதம் 12 வாரம் செய்த ஓட்டக்காரர் 15 பேரும் மீண்டும் ஓடத் தொடங்கினர். நோகும் நாணுக்குச் சுமையே மருந்தானது அக்காலத்தில் புதுமையாயிருந்தது. நாண் முற்றும் அறுவது வேறு. அப்பொழுதும் பின்னால் அடிபட்ட உணர்வே தோன்றும். சில வேளை ஓசையும் கேட்கும். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைச்சதையைக் கையாற் பிசைந்தால், நலமான காலில் பாதம் அசையும். நாண் அறுந்த காலில் அசையாது. சிமண்ட்ஸ் என்பார் 1957இலும் தாம்ஸன் என்பார் 1962இலும் எழுதிய எளிய சோதனை இது. நாண் அறுந்தவரும் விரல்களை அசைக்கவும் சிறிது நடக்கவும் இயலுமாதலின், "அசைகின்றதே, ஒன்றுமில்லை" என்று வாளா இருத்தல் தீது.

ஐந்தாவது, தூரம் பார்த்து வரும் வலி. ஓடத் தொடங்கி ஏறக்குறைய அதே தொலைவில் கால் இறுகி வெடிப்பதுபோல் நோகும். பாதம் மரத்துப்போதலும் உண்டு. நின்று சில நிமிடங்கள் ஓய்ந்தால் நீங்கும். மீண்டும் ஓடினால் மீண்டும் வரும். உழைப்பால் வீங்கும் தசைக்கு, அதனைச் சூழ்ந்த விரியாத உறை இடம் கொடாமையால் உள்ளழுத்தம் மிகுவது ஒரு காரணம். முழங்காலுக்குப் பின்னே செல்லும் தமனி, தசையால் நெருக்குண்டு இரத்தம் குறைவது மற்றொரு காரணம். இவ்விரண்டாவதை முதன்முதல் விளக்கியவர் யார் என்பது நம்மனோர்க்கு உவகை தருவதாம். 1879இல் எடின்பரோவில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த ஆண்டர்ஸன் ஸ்டூவர்ட் என்னும் மாணாக்கர், 64 வயதுடைய ஒருவரின் வெட்டி எடுக்கப்பட்ட காலை அறுத்து ஆராய்ந்தபோது, தமனி வழக்கமான வழியை விட்டு மேற்றசையின் உட்புறத் தலையைச் சுற்றிச் செல்லக் கண்டு எழுதினார். மாணாக்கர் ஒருவர் கூர்ந்து நோக்கிய நோக்கம் இன்றும் இளம் ஆட்டக்காரர் பலரின் காலைக் காக்கின்றது.

ஆறாவது, பிற இடத்தினின்று வரும் வலி. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் நரம்பு நெருக்குண்டால், நோவு இடுப்பினின்று இறங்கிக் கெண்டைக்காலில் வந்து தங்கும்; உணர்ச்சி குறைவும் ஊசி குத்துதலும் உடன்வரும். கெண்டைக்காலை எத்தனை நாள் தேய்த்தாலும் இது தீராது.

ஏழாவதாக நிற்பதே யாவற்றினும் அஞ்சத்தக்கது: ஆழ்ந்த சிரையில் இரத்தம் உறைந்து கட்டியாதல். மேலே இரண்டாம் இதயம் என்று கூறியதை ஈண்டு நினைக்க. கால் நெடுநேரம் அசையாதிருந்தால் அவ்விறைப்பு நின்றுபோகின்றது. தேங்கிய இரத்தம் உறைகின்றது. அடிபட்ட காலுக்கு மாவுக்கட்டுப் போட்டவர், அறுவைச் சிகிச்சை பெற்றவர், பல மணி நேரம் ஊர்தியில் மடங்கி அமர்ந்து பிரயாணம் செய்தவர் ஆகியோர்க்கு இவ்வபாயம் மிகுதி. இளமையும் உடல் வலிமையும் இதற்கு முற்றும் காப்பாகா. கட்டி பெயர்ந்து இரத்தத்தோடு சென்று நுரையீரலை அடைக்குமாயின் உயிர்க்கே இறுதியாம்.

என் அறைத்தோழன் உதைபந்தாட்டக்காரன். கணுக்காலெலும்பில் சிறு முறிவு ஏற்பட்டு மூன்று வாரம் மாவுக்கட்டோடு இருந்தான். கட்டுப் பிரித்த நான்காம் நாள் மாலையில், கெண்டைக்கால் கனத்து வலிக்கிறதென்றான். கட்டுக்குள் கிடந்த தசை மெலிந்தமையால் வந்த நோவு என்று அறையிலிருந்த யாவரும் எண்ணினோம். ஒருவன் நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கொணர்ந்தான். அவ்வேளையில் அவனுடைய தமக்கையார் வழக்கம்போல் தொலைபேசியில் அழைத்தார், அவர் செவிலியர். பேசியவன் யான். செய்தியைக் கேட்டவுடன் அவர் குரல் மாறிற்று. "தம்பி, எண்ணெயை எடுத்து வைத்துவிடு. காலை எவரும் தொட வேண்டா. நான் கேட்பவற்றிற்கு மட்டும் விடை சொல்" என்றார். எப்பொழுது தொடங்கிற்று? நேற்று. எவ்வாறு? ஓடவில்லை, விழவில்லை, தானே வந்தது. எவ்விடத்தில்? கெண்டைக்கால் முழுவதும். வேறு யாது? இரண்டு கால்களையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொன்னார். அப்பொழுதுதான் கண்டோம்: ஒரு கால் மற்றதினும் தெளிவாகப் பருத்திருந்தது, புறங்கையால் தொட்டபோது வெப்பமாயும் இருந்தது. "மூச்சு வாங்குகின்றதா? மார்பு வலிக்கின்றதா?" என்றார். இல்லை என்றோம். "இரவு என்று பாராமல் இப்பொழுதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், அவனை நடக்கவிடாதீர்கள்" என்றார். அன்றிரவே ஒலியலைப் படம் எடுத்தனர். ஆழ்ந்த சிரையில் கட்டி இருந்தது. உறைதலைத் தடுக்கும் மருந்தை மூன்று மாதம் உட்கொண்டான். மருத்துவர் இசைந்தபின் மறு ஆண்டு மைதானத்திற்குத் திரும்பினான். அவ்வெண்ணெய்ச் சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தவனும் யானே. இன்னும் சிறிது நேரம் கழிந்திருந்தால் தேய்க்கத் தொடங்கியிருப்போம்.

இது எங்கள் அறையில் மட்டும் நிகழத்தக்கதன்று. அமெரிக்காவின் புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர் கிறிஸ் பாஷ், 2015இல் நுரையீரலில் இரத்தக்கட்டி கண்டு சிகிச்சை பெற்று மீண்டவர். 2016 பிப்ரவரியில், கெண்டைக்கால் தசை நோவு என்ற காரணத்தால் ஒரு சிறப்பு ஆட்டத்தினின்று விலகினார். அது இரத்தக்கட்டி எனப் பின்னர் அறியப்பட்டது. அம்மாதத்திற்குப்பின் தொழில்முறை ஆட்டம் எதிலும் அவர் இறங்கவில்லை. தேர்ந்த மருத்துவர் சூழ இருப்பவர்க்கே தசை நோவும் இரத்தக்கட்டியும் ஒரே முகத்தோடு தோன்றுமாயின், நாம் எவ்வளவு விழிப்பாக இருத்தல் வேண்டும்!

ஆகவே, ஒரு கால் மட்டும் வீங்கி வெப்பமாகவோ நிறம் மாறியோ இருந்தாலும், அடிபடாமலே வலி வந்து ஓய்விலும் நீங்காதிருந்தாலும், முன்காலூன்றிக் குதிகாலை உயர்த்த இயலாவிடினும், பாதம் மரத்துக் குளிர்ந்தாலும் காலந்தாழ்த்தாது மருத்துவரை அடைக. மூச்சுத் திணறலோ மார்பு வலியோ உடனிருப்பின் ஒரு நிமிடமும் தாமதியாதிருக்க.

இனிச் சிகிச்சை. கட்டியும் நாண் அறுதலும் இல்லையென்று துணிந்தபின், கிழிந்த தசைக்குச் செய்யத்தக்கவற்றைக் கூறுவேன். முதல் இரண்டு மூன்று நாட்களில் உள்ளே இரத்தம் கசியும். அப்பொழுது ஆட்டத்தை விட்டுக் காலை உயர்த்தி வைத்தலும், இறுக்கமில்லாத அளவில் மீள்துணியாற் கட்டுதலும் நன்று. சூடு வைத்தலும், அழுத்தித் தேய்த்தலும், சுளுக்கு வழித்தலும், மது அருந்துதலும் கசிவை மிகுவிக்கும். பனிக்கட்டியைப்பற்றி ஒரு வார்த்தை. ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தல் என்னும் நான்கையும் 1978இல் தம் நூல்வாயிலாகப் பரப்பியவர் கேப் மெர்க்கின் என்னும் அமெரிக்க மருத்துவர். அவரே 2014இல், பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். வீக்கம் என்பது உடம்பு தன்னைச் செப்பனிடும் வேலையின் தொடக்கமாதலின் அதனை முற்றும் அடக்குதல் ஆகாது என்பது இக்காலக் கொள்கை. வலி தாங்கலாகாதபோது துணியிற் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைத்தலில் குற்றமில்லை. ஆனால் அது வலி தணிக்குமேயன்றிக் கிழிந்ததை இணைக்காது.

இணைப்பது யாது? அளவறிந்த அசைவே. மூன்றாம் நாளுக்குப்பின் வலியெல்லைக்குள் பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், பின்னர் நொண்டாது நடத்தல், பின்னர் இருகாலூன்றிக் குதிகாலை உயர்த்துதல், பின்னர் ஒற்றைக்காலில் உயர்த்துதல், பின்னர் மெல்லோட்டம், இறுதியிலேயே விரைவோட்டமும் குதித்தலும். விடுதி மாடிப்படியின் கடைசிப் படியே என் வைத்தியசாலை. இரண்டாம் வாரத்தில் ஒற்றைக்காலில் மூன்று முறை உயர்த்துதற்கே நடுங்கினேன். நான்காம் வாரத்தில் 12 முறை ஆயிற்று. நலமான வலது காலைப்போல் 25 முறை உயர்த்தும்வரை மைதானத்தில் இறங்கலாகாது என்று மருத்துவர் வரையறுத்திருந்தார். ஐந்தாம் வாரத்தில் நடக்கையில் வலி சிறிதும் இல்லை. நண்பர் ஆட அழைத்தனர்; பக்கத்துக் கல்லூரியோடு போட்டியும் நெருங்கிற்று. என் எண்ணிக்கையோ 19இல் நின்றது. அப்போட்டியை எல்லைக்கோட்டுக்கு வெளியே அமர்ந்து பார்த்தேன். நம் அணி தோற்றது. அந்த ஒரு மாலைப்பொழுதே அச்சிகிச்சையிற் கடினமான பகுதி. ஆறாம் வாரத்தின் இறுதியில் 25ஐ எட்டினேன்; அதன்பின் இன்றுவரை அக்கால் கிழியவில்லை.

வலி நீங்குதல் வேறு, தசை ஆறுதல் வேறு என்பதே இங்கு உணரத்தக்கது. முன்னர்க் கிழிந்த கெண்டைக்கால் மீண்டும் கிழிதல் எளிது. வயது மிகுதலும் முன் நேர்ந்த கிழிவுமே இந்நோய்க்கு முதன்மையான ஏதுக்கள் என்று ஆராய்ந்தோர் கூறுவர். கெவின் டூரண்ட் என்னும் கூடைப்பந்து வீரர்க்கு 2019 மே 8ஆம் நாள் வலது கெண்டைக்கால் தசை கிழிந்தது. ஒரு மாதம் கழித்து, ஜூன் 10ஆம் நாள், இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் இறங்கினார். 12 நிமிடம் ஆடுவதற்குள் அதே காலின் குதிநாண் அறுந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. 2025 ஜூன் மாதத்தில் டைரீஸ் ஹாலிபர்ட்டன் என்னும் வீரர்க்கும், இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் நோவு கண்ட கெண்டைக்காலோடு ஏழாம் ஆட்டம் ஆடியபோது குதிநாண் அறுந்தது. முன்னதே பின்னதற்குக் காரணமென்று அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை. ஆயினும் பெருஞ்செல்வமும் சிறந்த மருத்துவமும் உடையவர்க்கே இக்கதியாயின், அவசரத்தின் விலையை நாம் எண்ணிப் பார்த்தல் தகும்.

வருமுன் காக்கும் வழிகள் சிலவே, யாவரும் அறிந்தனவே. ஓடும் தொலைவை வாரந்தோறும் சிறிது சிறிதாகவே உயர்த்துக. குதிப்பகுதி தாழ்ந்த புதுக் காலணிக்கோ, வெறுங்கால் ஓட்டத்திற்கோ, கடற்கரை மணலோட்டத்திற்கோ ஒரே நாளில் மாறற்க. இவை மூன்றும் கெண்டைக்காலின் சுமையை மிகுவிப்பன. ஆடுமுன் பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்றுக. குதிகால் உயர்த்தும் பயிற்சியை நோய்க்கு மருந்தென்று மட்டும் எண்ணாது வாரம் மூன்று நாளேனும் செய்க. நெடும்பிரயாணத்தில் இடையிடையே எழுந்து நடக்க. அது இயலாவிடின் அமர்ந்தவாறே குதிகாலை உயர்த்தித் தாழ்த்துக.

நண்பர்களே, துன்புறும் தோழனுக்கு உதவ நம் கைகள் விரைதல் இயல்பு; அது நல்லியல்பே. அவ்விரைவுக்கு முன்னே நான்கு வினாக்களை நிறுத்துங்கள் என்பதே என் வேண்டுகோள். எப்பொழுது, எவ்வாறு, எவ்விடம், வேறு யாது என்று கேட்டற்கு ஒரு நிமிடம் போதும். மருத்துவம் பயிலாத நம்மால் நோயைத் தீர்க்க இயலாது. எண்ணெய்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்க இயலும். நண்பனுக்கு நாம் செய்யும் முதலுதவி பெரும்பாலும் அதுவேயாகும்.